தங்கச்சி வாட்டுக்குப் பொறுப்பெடுத்து மூன்று மாதம்: இதில் எது அவளுடைய வேலை?

கேள்வி (தெஹிவளை வாசகர்), 2025 ஏப்ரல் 27, மாலை 6.15

என் தங்கச்சி கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையில் 14 வருடமாகத் தாதி. ஜனவரி கடைசியில் ஒரு வாட்டின் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். அன்று வீட்டில் கேசரி கிண்டினோம். இப்போது வேலை முடிந்து வந்தால் சாப்பிடாமலே படுத்துவிடுகிறாள். கேட்டதற்கு, "வேலை கூடிப்போச்சு எண்டு அழேல்லை அண்ணா, எது என்ர வேலை எண்டு தெரியாமத்தான் அழுறன்" என்றாள். எங்கள் மாமா ஒருவர், "ஆளுமை இல்லாத ஆளுக்குப் பதவி குடுத்தா இப்படித்தான்" என்கிறார். அது சரியா? வைத்தியசாலையில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

2025 ஏப்ரல் 27, இரவு 10.50

சரியில்லை. மாமாவிடம் அப்படியே சொல்லுங்கள் தம்பி.

நான் 33 வருடம் தாதியாக இருந்தவள். கடைசி 11 வருடம் வாட்டுப் பொறுப்பு. 2023 இல் ஓய்வு பெற்றேன். உங்கள் தங்கச்சி சொன்ன அதே வார்த்தையை 2012 இல் நான் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு காலையைச் சொல்கிறேன். ஏழு மணிக்கு இரவு டியூட்டிக்காரரிடமிருந்து வாட்டைப் பாரமெடுத்தேன். 32 கட்டில், 41 நோயாளிகள். கட்டில் இல்லாதவர்கள் வாங்கிலும் நிலத்தில் பாயிலும். எட்டு மணிக்குக் கன்சல்டன்ட், அதாவது விசேட வைத்திய நிபுணர், ரவுண்ட் வந்தார். பொறுப்புத் தாதியான சிஸ்டர் கூடவே போக வேண்டும், ஒவ்வொருவருடைய டிக்கெட்டையும் (நோயாளியின் குறிப்பேடு) எடுத்துக் கொடுத்து இரவு நடந்ததைச் சொல்ல வேண்டும். 8.10 க்குத் தாதிகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனின் ஒபிசிலிருந்து போன்: பக்கத்து வாட்டில் ஆள் இல்லை, ஒருவரை இப்பவே விடுங்கோ. இரண்டு நிமிடம் கழித்துக் கன்சல்டன்ட் 17 ஆம் கட்டில் நோயாளியை உடனே ஸ்கேனுக்கு அனுப்பச் சொன்னார். ஒட்சிசன் போகிற ஆள், தாதி ஒருவர் கூடப் போயே ஆக வேண்டும். என்னிடம் இருந்தது நான்கு தாதிப் பிள்ளைகள். அதில் ஒருத்தி பயிற்சி முடித்து வந்து இரண்டு மாதம்.

கன்சல்டன்ட் என் மேலதிகாரி இல்லை. ஆனால் நோயாளி விஷயத்தில் அவர் சொன்னது நடக்க வேண்டும். மேட்ரன் என் மேலதிகாரி. ஆனால் 17 ஆம் கட்டிலை அவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் கேட்டது நியாயமானதுதான். யாரை எங்கே அனுப்பினாலும் ஒரு பக்கம் ஏச்சு நிச்சயம். ஸ்கேனுக்கு அனுப்பினேன், மேட்ரனிடம் ஏச்சு வாங்கினேன். அந்த இடத்தில் எவ்வளவு பெரிய ஆளுமைக்காரியை நிறுத்தினாலும் ஆள் நான்குதான்.

2025 ஏப்ரல் 28, காலை 5.30

நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். ஒரு பிழை விட்டிருக்கிறேன், திருத்த வேண்டும். தங்கச்சி கேட்டது ஒன்று, நான் உதாரணம் காட்டியது வேறொன்று.

நாவல திறந்த பல்கலைக்கழகத்தில் நர்சிங் பட்டம் படித்தபோது இதை எங்களுக்குப் பிரித்துச் சொல்லித் தந்தார்கள். ஒரு ஆளிடம் ஒரே நேரத்தில் ஒத்துப்போகாத இரண்டைக் கேட்பது வகிபாக முரண்பாடு. என்ன கேட்கிறார்கள், எதுவரை என் அதிகாரம், எதை வைத்து என்னை நல்ல வேலைக்காரி என்பார்கள் என்று எதுவுமே தெளிவில்லாமல் இருப்பது வகிபாகத் தெளிவின்மை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ரொபர்ட் கானும் கூட்டாளிகளும் 1964 இல் இந்த இரண்டையும் ஆராய்ந்து எழுதினார்கள். 1970 இல் ரிசோ, ஹவுஸ், லிர்ட்ஸ்மன் என்ற மூன்று பேர் இவற்றை அளக்க ஒரு வினாக்கொத்து செய்தார்கள். 14 கூற்றுகள்: முரண்பாட்டுக்கு 8, தெளிவின்மைக்கு 6. உலகம் முழுக்கத் தாதிகளிடம் இன்றும் அதைத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். 'ஆள் தராமல் வேலை தருகிறார்கள்', 'இரண்டு பேர் ஒத்துவராத இரண்டைக் கேட்கிறார்கள்' என்ற மாதிரிக் கூற்றுகள் முதல் எட்டில் வரும். 'எனக்கு எவ்வளவு அதிகாரம் என்று நிச்சயமாகத் தெரியும்' என்ற மாதிரியானவை அடுத்த ஆறில்.

வகுப்பில் அதை நிரப்பியபோது முரண்பாட்டுக் கூற்றுகளுக்கு விறுவிறு என்று புள்ளடி போட்டேன். அதிகாரம் பற்றிய கூற்றில் பேனை நின்றுவிட்டது. அப்போது பொறுப்பெடுத்து மூன்று வருடம், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஸ்கேன் கதை முரண்பாடு. 'எது என்ர வேலை' என்பது தெளிவின்மை. முரண்பாடு நாளில் கோபத்தோடு வீட்டுக்கு வருவோம், சத்தம் போட்டு அழுதால் ஆறிவிடும். மற்றது அப்படி ஆறாது. இரவு இரண்டு மணிக்கு எழும்பி, எதையோ செய்யாமல் விட்டுவிட்டோம் என்று இருட்டில் யோசித்துக்கொண்டு இருக்க வைக்கும். உங்கள் தங்கச்சி சாப்பிடாமல் படுப்பது அந்த இரண்டாவது வகை என்று எனக்குப் படுகிறது.

2025 ஏப்ரல் 28, இரவு 8.05

வாட்டில் நாங்கள் கையில் வைத்திருக்கிற சாவி என்ன சாவி என்று கேட்ட பிள்ளைக்கு: மோர்ஃபின், பெத்திடின் போன்ற கடும் வலி மருந்துகள் வைக்கிற அலுமாரியின் சாவி. இரட்டைப் பூட்டு, தனிப் புத்தகம், ஒவ்வொரு அம்பியூலுக்கும் கணக்கு, வேலை மாறும்போது இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்து. எங்கள் வேலையில் எது யாருடையது என்று சந்தேகமே இல்லாத ஓர் இடம் அது. அந்தச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருக்கும்போது எனக்கு மனம் அமைதியாக இருக்கும். பொறுப்பு கூடிய பொருள்தான், ஆனாலும் அமைதி.

2025 மே 1, மாலை 4.20

இன்று லீவு நாள். கன நாளாக எழுத நினைத்ததை எழுதிவிடுகிறேன். கொழும்பு வாட்டில் தமிழ்த் தாதிக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அது எந்தக் கடமைப் பட்டியலிலும் இல்லை.

"தெமள மிஸ்ட கதா கரன்ன." சிங்களத்தில், தமிழ் மிஸ்ஸைக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். சேவைக் காலத்தில் இதை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. கோபமாகச் சொல்ல மாட்டார்கள், அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். மலையகத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்த நோயாளிக்குச் சிங்களம் தெரியாது, டொக்டருக்குத் தமிழ் தெரியாது. 1987 இல் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சி மொழி. ஆனால் காலை பத்து மணிக்கு ஒரு கட்டிலோரத்தில் அது நடைமுறைக்கு வருவது அன்றைக்கு டியூட்டியில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

2006 இல் ஒரு நாள். பக்கத்து வாட்டிலிருந்து கூப்பிட்டார்கள். நான் மருந்து வண்டியோடு நின்றேன். பத்து மணி அன்டிபயோடிக் 28 பேருக்குப் போட வேண்டும், ஆறு பேருக்குத்தான் போட்டிருந்தேன். ஐந்து நிமிடம்தான் மிஸ் என்றார்கள். போனேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து அம்மா, 60 வயதுக்கு மேல். சர்க்கரை வியாதியில் கால் கறுத்து, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். அனுமதிப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு டொக்டர் இரண்டு வசனம் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா படிவத்தைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்தார். மருதாணி மங்கிய விரல்கள், கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய விரல் நுனி. "நீ சொல்லு மகளே, உங்கம்மான்னா என்ன செய்வ?" என்று கேட்டார்.

நான் அங்கே யார்? மொழிபெயர்க்க வந்தவள் என்றால் அந்தக் கேள்வியை அப்படியே டொக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். தாதி என்றால், அது என் நோயாளி இல்லை, டிக்கெட்டைக்கூட நான் வாசிக்கவில்லை. அந்த அம்மாவுக்கோ நான் தமிழ் பேசுகிற ஒரு மகள், அவ்வளவுதான். "என்ன கேட்கிறா?" என்று டொக்டர் கேட்டார். "பயப்படுகிறா" என்றேன். அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. பிறகு அம்மாவிடம், "எங்கட அம்மாவெண்டா எடுக்கச் சொல்லுவன்" என்றேன். பெருவிரல் அடையாளம் வைத்தார்.

என் வாட்டுக்குத் திரும்பியபோது 10.50. பொறுப்புச் சிஸ்டர் கடிகாரத்தைக் காட்டி ஏசினார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. தாமதமான அந்த 22 ஊசிக்கும் கையெழுத்து என்னுடையது.

அந்தப் பதில் சரியா என்று இன்றுவரை யோசிக்கிறேன். என் வேலை எதுவரை என்று யாராவது சொல்லித் தந்திருந்தால், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே "டொக்டரிடம் சேர்ந்து கேட்போம் அம்மா" என்று சொல்லத் தெரிந்திருக்கும்.

2025 மே 2, காலை 6.10

'எல்லாம் கடைசியில் காசுக்குத்தானே, போன வருடம் ஸ்ட்ரைக் செய்யவில்லையா' என்று எழுதியவருக்கு. 2024 தொடக்கத்தில் டொக்டர்மாருக்கான கொடுப்பனவு 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆனது. எங்களுக்கும் வேண்டும் என்று 72 சுகாதாரச் சங்கங்கள் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவம் வந்தது. பிள்ளைகள் கேட்டது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இங்கே பேசுவது அதை அல்ல. சம்பளம் இரட்டிப்பானாலும் 8.10 க்கு வருகிற அந்த போன் வரத்தான் செய்யும்.

2025 மே 5, இரவு 9.30

தம்பி தனியாகக் கேட்டிருந்தார், தங்கச்சி என்ன செய்யலாம் என்று. எழுத்தில் ஒரு கடமைப் பட்டியல் கேட்டு வாங்கச் சொன்னேன். சொன்ன பிறகு இரண்டு நாளாக மனம் கேட்கவில்லை.

எங்கள் வாட்டில் அப்படி ஒன்றை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். தாதிக்கு இவை, அட்டெண்டனுக்கு இவை, சிற்றூழியருக்கு இவை. அடுத்த வாரம் ஒரு தாத்தாவின் சிறுநீர்ப் பை நிரம்பித் தரையில் வழிந்துகொண்டிருந்தது. அளந்து எழுதுவது தாதி, ஊற்றிக் கழுவுவது அட்டெண்டன் என்று பட்டியலில் இருந்தது. தாதி அட்டெண்டனைக் கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அட்டெண்டன், அளக்காமல் எப்படி ஊற்றுவது என்று நின்றார். இரண்டு பேரும் பட்டியலைக் காட்டினார்கள். தாத்தா நனைந்த சாரத்தோடு கிடந்தார், அவரை யாரும் பார்க்கவில்லை. அன்று பின்னேரமே கிழித்துப் போட்டேன்.

லண்டன் வைத்தியசாலை ஒன்றின் தாதிச் சேவையைப் பார்த்து இசபெல் மென்சிஸ் என்பவர் 1960 இல் எழுதினார். நோயாளியின் வேதனைக்குப் பக்கத்தில் நிற்கிற பயத்தைத் தாங்க முடியாமல், வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் பலருக்குப் பிரிப்பார்கள், முடிவெடுக்க வேண்டியதை மேலே மேலே தள்ளிவிடுவார்கள் என்று. வாசித்தபோது எனக்கு அந்தத் தாத்தாவின் சாரம்தான் கண்ணில் வந்தது.

அதனால் என் ஆலோசனையை மாற்றுகிறேன். பட்டியல் வேண்டும், ஆனால் அதைவிட முக்கியமாக, பட்டியலில் இல்லாதது வந்தால் யார் முடிவெடுப்பது என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சின்னக் கொப்பி. இரண்டு கட்டளை மோதுகிற ஒவ்வொரு தடவையும் நேரம், யார் என்ன கேட்டார்கள், எது நின்றுபோனது என்று மூன்று வரி. இரண்டு கிழமைக்கு.

2025 மே 6, பகல் 1.15

தெளிவான வேலை என்று சுகாதாரத்தில் ஒன்றாவது உண்டா என்று கேட்டால், எங்கள் ஒழுங்கைக்கு வருகிற குடும்ப நல மருத்துவ மாதுவைக் காட்டுவேன். அவருடைய பிரிவின் எல்லை வரைபடத்தில் இருக்கிறது. அதற்குள் கர்ப்பிணி யார், பச்சைக் குழந்தை எந்த வீட்டில் என்று பதிவேடு. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு. வேலை குறைவு என்று சொல்லவில்லை, வெயிலில் குடையோடு நடந்து நடந்து கால் வீங்கிப் போகும். ஆனால் எந்த வீடு தன்னுடையது என்று அவருக்குச் சந்தேகம் வராது.

2025 மே 9, இரவு 11.00

மேட்ரனைப் பற்றி முதல் நாளில் எழுதியது ஒரு பக்கம்தான். அதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

2022 கடைசியில் ஆறு கிழமை பதில் மேட்ரனாக இருந்தேன். அந்த வருடம்தான் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றுநிருபம் வந்தது. பிள்ளைகள் போனார்கள், போனதில் பிழையும் இல்லை. விடிய ஐந்து மணிக்கு முதல் போன்: மிஸ், காய்ச்சல், வர மாட்டேன். ஏழு மணிக்குள் அப்படி ஆறு, ஏழு. எந்த வாட்டிலும் உபரியாக ஆள் இல்லை. ஒருத்தியை எடுத்து இன்னொரு இடத்தில் போட்டால் எடுத்த வாட்டுச் சிஸ்டர் கோபிப்பார், சங்கப் பிரதிநிதி ஒபிசுக்கு வருவார், பணிப்பாளர் பத்து மணிக்கு ஓவர்டைமைக் குறைக்கச் சொல்லிக் கூட்டம் வைப்பார். நானும் ஒரு வாட்டுக்கு போன் எடுத்து, "ஒருவரை இப்பவே விடுங்கோ" என்றேன். நேரத்தைப் பார்த்தேன். ரவுண்ட் நேரம். அந்தப் பக்கம் சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

2025 மே 12, மாலை 7.40

இன்று வெசாக்கும் தாதியர் தினமும் ஒரே நாளில். தெருவெல்லாம் வெளிச்சக் கூடு. பிள்ளைகள் நைட்டிங்கேல் படம் போட்டு வாழ்த்து அனுப்பினார்கள். அவருடைய விளக்கை எல்லோருக்கும் தெரியும். அவருடைய நியமனக் கடிதப் பிரச்சினை அவ்வளவாகத் தெரியாது, எனக்கு அதுதான் நெருக்கம்.

1854 இல் 38 பேரோடு துருக்கியின் ஸ்கூட்டாரிக்குப் போனார். துருக்கியில் உள்ள ஆங்கிலேய இராணுவ வைத்தியசாலைகளின் தாதிகளுக்கு மேற்பார்வையாளர் என்று நியமனம். பிறகு போர் நடந்த கிரைமியாவிலும் தாதிகள் வேலை செய்தார்கள். அங்கே தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ஜோன் ஹோல், கிரைமியா துருக்கி இல்லையே, இங்கே அவருக்கு என்ன அதிகாரம் என்று நின்றார். ஒரு சொல்லின் எல்லை! அதைத் தீர்க்க 1856 மார்ச் 16 வரை எடுத்தது. எல்லா இராணுவ வைத்தியசாலைத் தாதிகளுக்கும் அவரே பொறுப்பு என்று அன்றுதான் பொதுக் கட்டளை வந்தது. மார்ச் 30 இல் பாரிசில் சமாதான ஒப்பந்தம். போர் முடியும்போதுதான் அவருடைய வேலை எது என்று எழுத்தில் கிடைத்தது. அவருக்கு ஆளுமை இல்லை என்று மாமா சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

2025 மே 13, காலை 4.50

தூக்கம் வரவில்லை. மேலிருப்பவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் கீழே செய்ததையும் எழுத வேண்டும்.

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு. வாட்டில் இல்லாததை வெளியே பார்மசியில் வாங்கி வரச் சொல்லி உறவினர்களிடம் சொல்ல வேண்டும். அதை யார் சொல்வது, டொக்டரா தாதியா, எழுதிக் கொடுப்பதா வாயால் சொல்வதா என்று ஒரு முடிவும் இல்லை. இரவு டியூட்டியில் நின்ற இளம் பிள்ளை எனக்கு போன் எடுத்தாள். ஒரு நோயாளியின் மகன் கத்துகிறார், என்ன சொல்லட்டும் மிஸ் என்று. நான், "எப்படியாவது சமாளியுங்கோ" என்றேன். சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மேட்ரன் என்னிடம் சொன்னது, "கொஹொம ஹரி கரகன்ன". அதே சமாளியுங்கோதான், சிங்களத்தில். மேலிருந்து கீழே அந்த ஒரு சொல்தான் இறங்கி வருகிறது. அதைச் சொல்லும்போது அன்பாகவும் இருக்கும், நம்பிக்கை வைக்கிற மாதிரியும் இருக்கும். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. முடிவெடுக்கிற பாரத்தை அவளிடம் கொடுத்தேன், முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. காலையில் போனபோது அவளுடைய தொப்பி மேசையில் கிடந்தது, அவள் மருந்தறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். மூன்று மாதத்தில் அவள் இடமாற்றம் வாங்கிப் போனாள்.

தம்பி, தங்கச்சியிடம் ஒன்று சொல்லுங்கள். அந்தச் சொல்லைத் தன் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்கப் பார்க்கட்டும். "நீ டொக்டரை எழுப்பு, நான் சொன்னதாகச் சொல்லு" என்று அன்றிரவு சொல்லியிருந்தால் போதும், அவள் நின்றிருப்பாள்.

2025 மே 24, இரவு 8.30

தம்பி எழுதியிருக்கிறார். தங்கச்சி கொப்பியோடு மேட்ரனிடம் போனாளாம். இரண்டு கிழமையில் 19 மோதல். அதில் 11 காலை எட்டுக்கும் ஒன்பதரைக்கும் இடையில். மேட்ரன் வாசித்துவிட்டு, உயிர் ஆபத்து இல்லையென்றால் ரவுண்ட் நேரத்தில் ஆள் கேட்டு எந்த வாட்டுக்கும் போன் எடுப்பதில்லை, ஏழரைக்கே கேட்டு முடிப்பது என்று ஒத்துக்கொண்டாராம். தங்கச்சி நேற்று இரவு சோறு போட்டுச் சாப்பிட்டாள் என்றும் எழுதியிருந்தார். வாசிக்க எனக்கு அழுகை வந்தது. மிச்சம் எட்டு இன்னும் அப்படியே இருக்கிறது, அதில் நான்கு 'தெமள மிஸ்' கூப்பிடல். அதற்கு மேட்ரனிடமும் பதில் இல்லை.

2025 ஜூன் 2, பகல் 12.40

இன்று பத்தரைக்கு என் பழைய வாட்டிலிருந்து போன். சிங்களப் பிள்ளை, எனக்குக் கீழே பயிற்சி எடுத்தவள். "அக்கே, தமிழ் மிஸ் இன்றைக்கு லீவு. ஒரு அம்மாவுக்கு நாளைக்கு ஓபரேஷன், இரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் வேண்டாம் என்று சொல்லித் தர முடியுமா" என்று கேட்டாள். போனை அம்மாவின் காதில் வைத்தாள். சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டேன். அந்த அம்மா உடனே தன் வருத்தத்தைப் பற்றி எல்லாம் சொல்லத் தொடங்கினார். நான் ஓய்வு பெற்றவள், அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. மெதுவாக நிறுத்தி, பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

வெளியாள் ஒருவர் போனில் மொழிபெயர்த்தார் என்று டிக்கெட்டில் எழுது என்றேன். அதற்கு அதில் இடம் இல்லையே அக்கே என்றாள். நேரமும் போட்டு உன் குறிப்புக்குக் கீழே எழுது, என் பெயரையும் போடு என்றேன். பின்னேரம் எடுத்துக் கேட்க வேண்டும்.